சென்னையில் லோன் போட்டு லண்டன் கடனை அடைக்கலாமா?

குரோம்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வருடம் முன்பு படிக்கப் போய், இப்போது லண்டன் பக்கம் வேலை பார்க்கிறார். போனில் ஸ்லாட் சூதாட்டம் ஆடியதில் 14,000 பவுண்டு கடன் ஏறி, ஐவிஏ (கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி போடும் தவணை ஒப்பந்தம்) போட்டு, மாதம் 160 பவுண்டு வீதம் பதினாறு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். ஆனால் நடுவில் மறுபடி ஆட ஆரம்பித்து, யாருக்கும் சொல்லாமல் ஆன்லைனில் 1,400 பவுண்டு புதுக் கடன் வாங்கிவிட்டார். தங்கை நிச்சயதார்த்தத்துக்காக இப்போது ஊரில் இருக்கிறார். “அண்ணா, அப்பா கையெழுத்தில் இங்கேயே ஒரு பெர்சனல் லோன் போட்டு அதை முடித்துவிடட்டுமா? இந்தியாவில் வாங்கினால் ஐவிஏக்காரர்களுக்குத் தெரியாதுதானே?”

வேண்டாம் தம்பி. அந்த லோன் பணம் அந்தக் கடனுக்குப் போகாது. எப்படித் தெரியும் என்றால், நானும் இதைச் செய்தவன்.

நான் பெரம்பூர்க்காரன். 2006ல் லண்டன் போனேன். ஈஸ்ட் ஹாமில் வீடு, இரவு ஷிஃப்ட் வேலை. காலையில் திரும்பும் வழியில் பெட்டிங் கடை, உள்ளே ரூலெட் மெஷின். அப்போது ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை வைக்கலாம், இருபது நொடிக்கு ஒரு சுற்று. 2019ல்தான் அதை 2 பவுண்டுக்கு இறக்கினார்கள். எனக்கு அது எட்டு வருடம் தாமதம். 2011ல் ஐவிஏ போட்டேன். இரண்டாவது வருடமே ஒரு கம்பெனியில் 600 பவுண்டு சம்பள நாள் கடன் (அடுத்த சம்பளத்தில் அடைக்கும் குறுகியகாலக் கடன்) வாங்கினேன். அதை அடைக்க அம்மாவிடம், “ரூம் அட்வான்ஸ் கேட்கிறார்கள்” என்று பொய் சொன்னேன். அம்மா சேட்டு கடையில் நாலு சவரன் செயினை வைத்துப் பணம் அனுப்பினார். அதில் பாதிதான் கடனுக்குப் போனது. மீதி எங்கே போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விடுமுறையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று ரேஷன் கார்டு தேடி பீரோவைக் குடைந்தபோது அந்த அடகுச் சீட்டு கைக்கு வந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. பின்பக்கம் வட்டி கட்டிய மாதங்களை அம்மா பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். ஏழு மாதம் இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நகையை மீட்டிருந்தால் சீட்டு கடைக்கே திரும்பப் போயிருக்கும். அது பீரோவில் இருக்கிறது. “மீட்டுட்டேன்டா” என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் விஷயம். ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைக்கும் ரொட்டேஷன் நம் ஊரில் தண்டல்காரரிடம் ஓடலாம், அவருக்குத் தேதிக்குப் பணம் வந்தால் போதும். ஐவிஏ அப்படி இல்லை. 1986ஆம் வருட திவால் சட்டத்தின் கீழ் வருகிற ஒப்பந்தம் அது. கடன் கொடுத்து ஓட்டுப்போட்டவர்களில், கடன் தொகைக் கணக்கில் 75 சதவீதம் பேர் சம்மதித்ததால்தான் உங்களுக்கு அது கிடைத்தது. உங்கள் பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் சூப்பர்வைசரின் எழுத்து அனுமதி இல்லாமல் 500 பவுண்டுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை, உங்கள் தாளிலும் இருக்கும். எந்த நாட்டில் வாங்கினாலும் கடன் கடன்தான். ஏற்கெனவே ஒரு முறை மீறியாயிற்று, சென்னை லோன் இரண்டாவது மீறல். வருடாந்திரக் கணக்குக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள். திடீரென்று 1,400 வந்ததும் அதில் இருக்கும், மாதாமாதம் ஊருக்கு இஎம்ஐ போவதும் இருக்கும். “தெரியாதுதானே” என்பது மெஷின் முன்னால் நிற்கும்போது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் வார்த்தை.

முதலில் ஆட்டத்தின் வாசலை மூடுங்கள், கடன் கணக்கு அப்புறம். கேம்ஸ்டாப் என்கிற சுயதடைச் சேவையில் பெயர் கொடுத்தால் பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் சூதாட்டத் தளங்களும் உங்களை வெளியே நிறுத்தும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று கெடு உண்டு. யோசிக்காமல் ஐந்தைப் போடுங்கள், நடுவில் கெஞ்சினாலும் எடுக்க முடியாது, அதுதான் வேண்டும். இதுவரை பயன்படுத்திய எல்லா மெயில் முகவரியையும் போன் நம்பரையும் கொடுங்கள், ஒன்றை ஒளித்து வைத்தால் அதன் வழியாகத்தான் திரும்பப் போவோம். பேங்க் ஆப்பிலும் சூதாட்டத் தடையைப் போடுங்கள். கிரெடிட் கார்டில் சூதாட 2020 ஏப்ரலிலிருந்தே தடை இருக்கிறதே என்பீர்கள். அதனால் என்ன, சம்பளத்தை ஆட்டத்தில் விட்டுவிட்டு அரிசி பருப்புக்குக் கார்டைத் தேய்த்தவர்கள்தானே நாம்.

இங்கே வந்த பிறகு கை அரிக்கவில்லை, தெளிந்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பெரம்பூர் வந்தால் அரிக்காது. ஹீத்ரோவில் இறங்கி முதல் சம்பளம் விழும் இரவில்தான் அது தெரியும். அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

அடுத்து, சூப்பர்வைசருக்கு நீங்களே சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் ஒப்பந்தத்தை மீறியதாக நோட்டீஸ் வரும், நீங்களே சொன்னால் பேச்சாவது நடக்கும். என் விஷயத்தில் திட்டு விழுந்தது, கடன்காரர்கள் மறுபடி ஓட்டுப்போட்டார்கள், பத்து மாதம் நீட்டித்தார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முறிந்தால் பழைய கடன்கள் மீதியோடு திரும்பி வரும், சூப்பர்வைசரே திவால் மனு போடவும் இடம் உண்டு. திவாலுக்குக் காரணம் சூதாட்டம் என்றால் 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடு நீளலாம். இதற்குப் பயந்துதான் நான் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு மாதத்தில்தான் செயின் போனது.

புது 1,400 ஐவிஏவுக்குள் சேராது, தனியாகத்தான் கட்ட வேண்டும். சூதாட்டப் பழக்கம் என்பதை மறைக்காமல் அந்தக் கம்பெனிக்கு எழுதிச் சின்னத் தவணை கேளுங்கள். அது குறுகியகால உயர்வட்டிக் கடன் என்றால், 2015 முதல் வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. நம்மூர் மீட்டர் வட்டி போல முடிவில்லாமல் ஏறாது. கடன் வசூலைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கும் ‘ப்ரீத்திங் ஸ்பேஸ்’ திட்டத்தில் சேருங்கள் என்று யாராவது சொல்வார்கள், ஐவிஏ ஓடும்போது அது கிடைக்காது. ஸ்டெப்சேஞ்ச் என்கிற தொண்டு நிறுவனம் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. பணம் வாங்கிக்கொண்டு வழி சொல்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். இரவில் கை அரித்தால் 0808 8020 133, கேம்கேர் என்கிற தொண்டு நிறுவனம் சூதாட்டப் பழக்கத்துக்காக நடத்தும் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்பாவிடம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம், விசேஷம் முடியட்டும். ஆனால் அவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

இந்த மாதக் கடைசி வரை பெரம்பூரில்தான் இருப்பேன். சூப்பர்வைசருக்கு மெயில் எழுதத் தயக்கமாக இருந்தால் ஒப்பந்தத் தாளோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். வாங்கிய 1,400ல் கையில் எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். கேள்வியில் அதை நீங்கள் எழுதவில்லை.