ஆர்-12 ஃபிரிஜ்ஜில் 134ஏ நிரப்பலாமா?

வணக்கம். பர்மாவில் மோல்மீன் கடையில் இருக்கும் அப்பா காலத்து ஃபிரிஜ் குளிரவில்லை, பின்னால் ஆர்-12 என்று பழைய குளிரூட்டும் வாயுவின் பெயர் எழுதியிருக்கிறது, மெக்கானிக் அதற்குப் பதிலாக வந்த 134ஏ வாயுவை நிரப்பித் தருகிறேன் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். கசிந்த வாயு விஷமா என்ற பயம் வேறு.

முதலில் பயம். ஆர்-12 எரியாது, மணமும் அநேகமாக இல்லை. திறந்த கடையில் கசிந்து போனதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நெருப்பு பட்டால் ஃபாஸ்ஜீன் போன்ற நச்சு வாயு உண்டாகும். குழாயில் மிச்ச வாயு இருக்கும்போது பற்றவைக்க விடாதீர்கள்.

134ஏ சும்மா ஏற்றினால் ஓடாது. பழைய கம்ப்ரஸரில் இருப்பது மினரல் ஆயில், இரண்டும் கலக்காது. எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரஸர் இறுகிப்போகும். ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றுகிற செலவுக்கு வேறு ஃபிரிஜ்ஜே வாங்கிவிடலாம். சமையல் வாயு ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டவே வேண்டாம். குளிரும்தான், ஆனால் கசிந்து உள்ளே தேங்கியிருக்கும்போது தெர்மோஸ்டாட் பொறி தட்டினால் வெடிக்கும்.

என்னைக் கேட்டால் கழித்துவிடுங்கள். அதிலும் ஒரு விஷயம்: காயலான் கடைக்காரர் குழாயை வெட்டினால் மிச்ச வாயு மேலே போய்ச் சுமார் 100 வருஷம் தங்கும். அதன் குளோரின் ஓசோனை அரிக்கும். வெப்பத்தைப் பிடிப்பதில் கார்பன் டைஆக்சைடைவிட 10,000 மடங்குக்கு மேல். கதவு நுரையிலும் பெரும்பாலும் அதன் தம்பி ஆர்-11 இருக்கும், அதை உடைத்து எரிக்க விடாதீர்கள். வாயுவை சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் கருவி வைத்திருக்கும் ஏசி மெக்கானிக் யாங்கோனில் கிடைக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.