திருவிருந்துக்குப் பயந்து வெளியே போக வேண்டாம்

அண்ணனோடு பேச்சு நின்றுபோனதிலிருந்து, அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், எடுத்துவிடுவோமோ என்று பயந்து, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் வெளியே போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 11-ஐ 20ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுல் கண்டித்தது அந்த அவமதிப்பைத்தான். பாவமே இல்லாதவர்தான் வரலாம் என்றால் யார்தான் வர முடியும்? 28ஆம் வசனமும் நம்மைச் சோதித்தறிந்து புசிக்கத்தான் சொல்கிறது.

ஆனால் அண்ணன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24 அதில் தெளிவாக இருக்கிறது. இந்த வாரமே அவருக்கு ஃபோன் செய்யுங்கள். அவர் பேச மறுத்தாலும், உங்கள் மனதில் பகை இல்லையென்றால் தயங்காமல் திருவிருந்துப் பந்திக்குப் போங்கள். கத்தோலிக்கராக இருந்து சாவான பாவம், அதாவது கனமான பாவம், உறுத்தினால், முதலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), அப்புறம் நற்கருணை (திருவிருந்து).