காட்டேஜ் என்றால் குடிசையா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். செவிலியர் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகவிருக்கும் பெண்கள் ஆறு பேருக்கு மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் வீடுகளுக்கும் அறைகளுக்கும் உரிய சொற்களை எடுத்துக்கொண்டோம். என்னிடமுள்ள கையேட்டில் காட்டேஜ் என்பதற்கு நேராகக் குடிசை என்றும், பங்களா என்பதற்கு நேராக மாளிகை என்றும் அச்சிட்டிருந்ததை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "எங்கள் பாட்டி முப்பது வருடம் வேலை பார்த்த வீட்டின் வாசல் கல்லில் காட்டேஜ் என்றுதான் வெட்டியிருக்கிறது. அதில் பன்னிரண்டு அறைகள். நாங்கள் குடியிருப்பதோ தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. அப்படியானால் எது குடிசை?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, எனக்குத்தான் பதில் வரவில்லை. இன்னொருத்தியின் அக்கா இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு தேடியபோது, விளம்பரத்தில் பங்களா என்று கண்டதுமே நமக்குக் கட்டுப்படியாகாது என்று மேற்கொண்டு படிக்காமல் விட்டுவிட்டாளாம். நாம் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சொற்களெல்லாம் தவறா? இவர்களுக்கு நான் எதைக் கற்பிப்பது?

தங்கள் வாசகி,
கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

கையேட்டை எழுதியவர் வீட்டுச் சொற்களை ஏணிப்படிகளாக நினைத்துவிட்டார். கீழ்ப்படியில் குடிசை, நடுவில் வீடு, அதற்கு மேல் பங்களா, உச்சியில் மாளிகை என்று அளவையும் செல்வத்தையும் வைத்து அடுக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் சொற்களில் பல, அளவைப் பார்ப்பதே இல்லை. ஒரு சொல் தளங்களை எண்ணும். இன்னொன்று சுவர் பக்கத்து வீட்டைத் தொடுகிறதா என்று பார்க்கும். மற்றொன்று வீடு நிற்பது ஊரிலா நாட்டுப்புறத்திலா என்று கேட்கும். எந்தச் சொல் எதைப் பார்க்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், தமிழில் ஒற்றைச் சொல்லால் நேர் பொருள் எழுதவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

பங்களாவை எடுத்துக்கொள்வோம். வங்காளத்து வீடு என்ற பொருளில் பிறந்த சொல் அது. தாழ்ந்த கூரையும் சுற்றிலும் தாழ்வாரமும் கொண்ட, மாடியில்லாத அந்த நாட்டுப்புற வீட்டைக் கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், 17-ஆம் நூற்றாண்டில் கண்டு, தங்களுக்கும் அதே பாணியில் கட்டிக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1870-ஐ ஒட்டி அது இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்குப் போய் விடுமுறை வீடாயிற்று. இன்று இங்கிலாந்தில் பங்களா என்றால் படியேற வேண்டியிராத ஒற்றைத் தள வீடு. முழங்கால் வலிக்கும் முதியவர்கள் விரும்பித் தேடுவது. மாணவியின் அக்கா பயந்துபோய் விட்ட வீடு இரண்டு படுக்கையறை கொண்டதாகக்கூட இருந்திருக்கலாம்.

இங்கே நடந்தது வேறு. இந்த மலையில் அந்தச் சொல் துரைமாரோடு வந்து, அவர்கள் குடியிருந்த வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் 1819-இல் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய வீடு பெத்தகல் பங்களா. பிறகு அவர் உதகையில் கட்டிய, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வீடு கல் பங்களா. பழனி மலையிலும் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் முதலில் எழுப்பிய சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளும் பங்களாக்களே. தோட்டங்களில் இன்றும் பெரிய துரை பங்களா, சின்ன துரை பங்களா என்றுதான் சொல்கிறோம். அரசு அதிகாரிகள் வந்து தங்கிய முசாபரி பங்களாவையும் சேர்த்துக்கொண்டால், தமிழில் இந்தச் சொல் எத்தனை தளம் என்று கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே இருப்பவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கத் தொடங்கியிருப்பது தெரியும். தமிழுக்குள் அந்தப் பொருள் சரியானதே. அதைப் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுபோனால்தான் தொல்லை.

காட்டேஜின் கதை இன்னும் வேடிக்கையானது. தொடக்கத்தில் அது நாட்டுப்புற உழைப்பாளியின் சிறுவீடு என்பது உண்மைதான். ஆனால் அது கல்லாலோ செங்கல்லாலோ மரச்சட்டத்தாலோ கட்டிய நிலையான வீடு. நம் குடிசைக்கு ஆங்கிலத்தில் ஹட் என்ற சொல் தனியாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் செல்வர்களுக்கு எளிய நாட்டுப்புற வாழ்வின் மேல் ஒரு மோகம் பிறந்தது. மாடு மேய்க்கவோ விறகு வெட்டவோ அவர்கள் போகவில்லை; நாட்டுப்புறத்தில் பெரிய வீட்டைக் கட்டி, அதற்குக் காட்டேஜ் என்று அடக்கமாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் நியூபோர்ட் கடற்கரையில் வாண்டர்பில்ட் குடும்பம் 1893 முதல் 1895 வரை கட்டிய தி பிரேக்கர்ஸ் என்ற மாளிகைக்கு எழுபது அறைகள். அந்த வட்டாரத்துச் சீமான்கள் அதையும் காட்டேஜ் என்றே குறிப்பிட்டார்கள். உங்கள் மாணவியின் பாட்டி பெருக்கித் துடைத்த பன்னிரண்டு அறை வீடும் இந்தப் பொய்யடக்கத்தின் மலைநாட்டுக் கிளைதான். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வந்தவர்கள், தாங்கள் எளிமையாக இருப்பதாகத் தங்களுக்கே சொல்லிக்கொள்ள வைத்த பெயர் அது. இப்போது ரிசார்ட்காரர்கள் தனித்தனியாக நிற்கும் வாடகை அறைகளுக்கு அதே பெயரைச் சூட்டி, கட்டணத்தில் மட்டும் அடக்கம் காட்ட மறுக்கிறார்கள்.

இனி லைன் வீடு. நானும் குன்னூருக்குக் கீழே ஒரு தோட்டத்து லைனில் பிறந்தவன் என்பதால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். ஒரே தகரக் கூரையின் கீழ் பத்து வீடுகள். முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். பட்டாளத்துச் சிப்பாய்களின் குடியிருப்புகளை வரிசையாகக் கட்டி லைன்ஸ் என்று அழைத்த வழக்கம் தோட்டங்களுக்கு வந்தது. கூடலூர்ப் பக்கம் இதையே பாடி என்பார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் லயம் என்பார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. இங்கிலாந்தில் போய் லைன் வீடு என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அங்கே இரண்டு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீட்டுக்கு டெரஸ்டு ஹவுஸ் என்று பெயர். இரண்டே வீடுகள் ஒரு சுவரைப் பகிர்ந்தால் செமி டிடாச்டு. யாரையும் தொடாமல் தனித்து நின்றால் டிடாச்டு. படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் ஒரே வரிசையாக இருக்கும் பழைய வீடுகளும் இந்தக் கணக்கில் டெரஸ்டு வீடுகளே. அந்த மாணவி இதைச் சொல்லத் தயங்கினால், பாத் நகரத்து ராயல் கிரெசன்டின் படத்தைக் காட்டுங்கள். 1767 முதல் 1774 வரை பிறைநிலா வடிவில் கட்டிய அந்த வரிசையில் முப்பது வீடுகள், எல்லாம் டெரஸ்டு வீடுகள், குடியிருந்தவர்களோ கனவான்கள். சுவரைப் பகிர்வதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. ஓர் அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட நம் லைனின் நெருக்கடி அதில் வராது. அதை அவள் தனியாக ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நமக்கு டெரஸ் என்றால் மொட்டைமாடி. தென்மாவட்டங்களில் தார்சு வீடு என்று சொல்வதும் இதே சொல்லின் உருமாற்றம்தான். ஓட்டு வீட்டுக்கு எதிர்ப்பதமாக, மேலே தட்டையாகத் தளம் போட்ட வீடு. எனவே டெரஸ்டு ஹவுஸ் என்று கேட்டதும் வடகம் காயவைக்க இடமிருக்கும் என்று உங்கள் பெண்கள் நம்பிவிடக் கூடாது.

அவுட்ஹவுஸ் என்ற சொல் இதைவிட ஆபத்தானது. நம் ஊரில் பெரிய வீட்டின் காம்பவுண்டுக்குள் தனியாக நிற்கும் சிறுவீட்டுக்கு அந்தப் பெயர். பல குடும்பங்கள் அதில் வாடகைக்கு இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து மணமுடித்தும் கொடுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் அது தட்டுமுட்டுச் சாமான் போடும் கொட்டகையைப் போன்ற துணைக்கட்டடம். அமெரிக்காவிலோ தோட்டத்து மூலையில் இருக்கும் பழைய காலத்துக் கழிப்பிடம். அவுட்ஹவுஸில் பத்து வருடம் குடியிருந்தோம் என்று ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் அவர் முகம் போகும் போக்கை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். சொன்னவன் நானே.

தளங்களை எண்ணுவதில் பிரிட்டிஷார் கணக்கும் நம் கணக்கும் ஒன்றுதான். தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் தளம். அமெரிக்கர்களுக்குத் தரைத்தளமே முதல் தளம். ஆனால் சரிவில் வீடு கட்டும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரோட்டிலிருந்து நேராக நடந்தால் வரவேற்பறை, உள்ளே படியிறங்கினால் சமையலறை, இன்னும் இறங்கினால் தேயிலைக்காடு என்றிருக்கும் குன்னூர் வீட்டில் தரைத்தளம் எது? லண்டன் விளம்பரங்களில் லோயர் கிரவுண்டு ஃப்ளோர் என்று ஒரு பெயரைக் காணலாம். நம் கீழ்வீட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

அறைகளில் ஹாலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். இன்றைய ஆங்கில வீட்டில் ஹால் என்பது வாசலைத் திறந்ததும் வரும் நடை. கோட்டைக் கழற்றி மாட்டும் இடம். குடும்பம் கூடி உட்காரும் அறைக்கு லிவிங் ரூம், சிட்டிங் ரூம், லவுஞ்ச் என்று பெயர்கள் உண்டு. ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் ஹால்தான் வீட்டின் நடு அறை. நடுவில் நெருப்பு எரிய, எல்லோரும் அங்கேயே உண்டார்கள், பலர் அங்கேயே உறங்கினார்கள். சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் பாயை விரித்து ஹாலில் வரிசையாகப் படுக்கும் நாம், இங்கிலாந்து கைவிட்ட பொருளைக் காப்பாற்றி வருகிறோம். டிராயிங் ரூமுக்கும் படம் வரைவதற்கும் தொடர்பில்லை. விருந்தினரிடமிருந்து விலகிப்போய் அமரும் அறை என்ற பொருளில் வித்டிராயிங் என்றிருந்தது தேய்ந்து அப்படியாயிற்று. பேன்ட்ரி என்ற சொல்லின் வேரில் ரொட்டியும் லார்டர் என்ற சொல்லின் வேரில் பன்றி இறைச்சியும் ஒளிந்திருக்கின்றன என்பதோடு சமையலறையை விட்டுவிடலாம். சிம்னி என்பது அங்கே புகைபோக்கி மட்டுமே. நாம் குளிர்காயும் இடம் ஃபயர்பிளேஸ்.

உங்கள் மாணவிகளுக்கு உடனே தேவைப்படுபவை வாடகைச் சொற்கள். டூ பி.எச்.கே. என்பது நம் நாட்டுக் கணக்கு. அங்கே படுக்கையறைகளை மட்டும் எண்ணி டூ பெட் என்பார்கள். ஸ்டூடியோ என்றால் புகைப்படக் கடையல்ல. படுக்கையும் அடுப்பும் ஒரே அறையில் இருக்க, குளியலறை மட்டும் தனியாக உள்ள சிறு வீடு. நம் அட்டாச்டு பாத்ரூம் அங்கே ஆன் ஸ்வீட். பிரெஞ்சுச் சொல்லான அதைக் கேட்டு மிட்டாயை நினைப்பவர்களும், எழுத்தைப் பார்த்துச் சூட் என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டு தவறையும் வகுப்பிலேயே சிரித்துத் தீர்த்துக்கொள்வது நல்லது.

மற்றொரு வீட்டுச் சொல்லை உங்கள் கையேடு சேர்த்திருக்காது என்று நினைக்கிறேன். நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் பிரசவமும் அறுவை சிகிச்சையும் நடக்கும் சிறிய தனியார் மருத்துவமனை. இங்கிலாந்தில் அது முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கி, செவிலியரின் பராமரிப்பில் வாழும் இல்லம். அங்கே இருப்பவர்களை நோயாளிகள் என்று சொல்வதைவிட ரெசிடென்ட்ஸ், அதாவது குடியிருப்பவர்கள், என்று சொல்வதே வழக்கம். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் ஆசையோடு புறப்படும் பெண், நர்சிங் ஹோம் என்று எழுதிய பணி ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு, அங்கே போன பிறகு எண்பது வயதுப் பாட்டிகளைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. ஆறு பேரின் பணி ஆணைகளையும் அடுத்த வகுப்பில் கொண்டுவரச் சொல்லி, வேலையிடம் என்ற இடத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
குன்னூர்