எட்டுத் தாய்மாரும் இருநூறு பெற்றோரும்

கேள்வி: என் மகள் கோவையில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எட்டுத் தாய்மார்கள் சேர்ந்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கினோம். இன்று எங்கள் தன்னார்வலர் குழுவில் இருநூறு பெற்றோருக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் கதை வாசிக்க வருவது அதே எட்டுப் பேர்தான். ஆண்டு விழா வேலை, வாசலில் வாகன ஒழுங்கு எனப் பலவும் எங்கள் தலையில் ஏறிவிட்டன. இப்போது கணினி அறைக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் திரட்டித் தருமாறு நிர்வாகம் கேட்கிறது. கொடுத்தவர், கொடுக்காதவர் பட்டியலை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட நாளிலிருந்து சிலர் எங்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம், சகோதரி. ஆனால் அந்தப் பட்டியலை இன்று மாலைக்குள் நீக்கச் சொல்லுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளில், பிள்ளைகளை முதன்முதலில் சேர்க்கும் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரியவை. அப்படிச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் அந்தக் குழுவில் இருந்தால், தன் பெயருக்கு எதிரே இருக்கும் வெற்றிடத்தை இருநூறு பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் மறுநாள் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட வருவார். அவர் இனி எதற்கும் கைதூக்க மாட்டார். குழுவின் எண்ணிக்கை பெருகியும் கைகள் பெருகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் பள்ளிக்குக் கொடுத்த வரலாறு பெருமைக்குரியது. 1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் நிலமும் தந்தார்கள். அவை ஊர்ப் பொதுப் பள்ளிகள். கொடுத்தவருக்கும் கொடுக்க இயலாதவருக்கும் அவற்றில் ஒரே உரிமை. தனியார் பள்ளியின் நிலை வேறு. அதற்குத் தாளாளர் இருக்கிறார், கட்டணம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழுவும் இருக்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, கட்டணத்திலிருந்து செய்ய வேண்டிய கணினி அறையைப் பெற்றோர் குழுவின் கை வழியாக நன்கொடையாக்குவதற்கு நீங்கள் உடன்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிர்வாகத்திடம் மரியாதையாக, எழுத்தில் சொல்லுங்கள்: “எங்கள் நேரத்தைத் தருகிறோம்; பிறரிடம் பணம் வசூலிக்கும் பொறுப்பை ஏற்க மாட்டோம்.” இதேபோல, காவலரும் ஓட்டுநரும் சம்பளம் பெற்றுச் செய்ய வேண்டிய வேலையையும் தாய்மார்கள் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் குழு எதைச் செய்வது? நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில், நூலகத்தில் கிழிந்த புத்தகங்கள் மூன்று மரப்பெட்டிகள் நிறையக் கிடந்தன. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, பின்வரிசையில் நின்றிருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், இளம் வயதில் பைண்டிங் கடையில் வேலை பார்த்ததாகத் தயங்கிச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஊசி, நூல், காலிகோ துணி, ஒரு சட்டி மைதாப் பசையோடு வந்துவிட்டார். தாள்களை அடுக்கித் தட்டி, முதுகில் துளையிட்டு, நூலைக் கோத்து இழுத்து முடிச்சிடுவதை அவர் காட்ட, வங்கி அலுவலரும் மருத்துவரும் அவருக்கு எதிரே தரையில் அமர்ந்து கற்றுக்கொண்டார்கள். அன்று நாங்கள் முடித்தவை பதினொரு புத்தகங்கள்தான். ஆனால், அதுவரை கூட்டங்களில் வாய் திறக்காத அவர், “இந்த முடிச்சு தளர்வா இருக்கு சார், அவிழ்த்துட்டுத் திரும்பப் போடுங்க” என்று மருத்துவரிடம் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. அந்த ஆண்டு, நான் அழைக்காமலே சனிக்கிழமைகளுக்குப் புதுப்புது முகங்கள் வந்தன.

பொத்தாம்பொதுவாக “யாராவது உதவுங்கள்” என்று இருநூறு பேருக்குச் செய்தி அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவர் வருவார் என்றிருந்துவிடுவார்கள். “வரும் வெள்ளி 2.45 முதல் 3.30 வரை, இரண்டாம் வகுப்புக்கு ஒருவர் தேவை” என்று தனியாக ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு புதியவரைப் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கத் தொடங்கினால், ஒரே பருவத்தில் பதினாறு பேர் ஆவீர்கள்.

பணமே தொடக் கூடாதா என்றால், விழாவுக்குப் பழமும் தாளும் வாங்கச் சிறு தொகை வேண்டியிருக்கும். அதைத் தனி ஒருவரின் ஜிபே எண்ணில் சேர்க்காதீர்கள். இருவர் கையொப்பமிடும் கூட்டு வங்கிக் கணக்கும், மாதம் ஒரு முறை எல்லோரும் பார்க்கும் வரவு செலவும் இருக்கட்டும். குழு பெரிதாகிக்கொண்டே போகிறது என்பதால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வதைப் பற்றியும் யோசியுங்கள். அதற்கு ஏழு பேர் போதும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தெரிந்த தாய் தந்தையர்தானே என்று எண்ணி, தன்னார்வலர் எவரையும் பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள். வகுப்பாசிரியர் உடன் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் வந்த நேரமும் சென்ற நேரமும் எழுதப்பட வேண்டும். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாக அறியும் எவரும் புகார் அளிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியிருப்பதை முதல் நாளிலேயே எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். என் மகன் பள்ளியில் பெற்றோர் குழுக் கூட்டம் எப்போதும் வேலைநாள் காலை பதினொரு மணிக்கே நடக்கிறது. தந்தையர் எவரும் வருவதில்லை என்று குறை வேறு சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஒரு கூட்டம் பகலிலும் அடுத்தது ஞாயிறு மாலையிலும் நடக்கட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்; உங்களைப் போன்ற நான்கைந்து தந்தையரும் கையொப்பமிட்டால் மறுப்பது கடினம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் தந்தை, ஞாயிறு அன்று அரை மணி நேரம் மிதிவண்டி நிறுத்துமிடத்தைச் சீர்செய்தாலும் அது தொண்டுதான்.

கேள்வி: தனியார் பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி இடம் உண்டா?

பதில்: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைத்து, அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சிபிஎஸ்இ பள்ளியாக இருந்தால், அந்த வாரியத்தின் இணைப்பு விதிகள் நிர்வாகக் குழுவில் இரண்டு பெற்றோருக்கு இடம் தருகின்றன. அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார் என்று முதல்வரிடம் கேளுங்கள்.