முழு லைசென்ஸ் வரும்வரை வேலை பார்க்கலாமா? சுவாச சிகிச்சையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சுவாச சிகிச்சைப் படிப்பை முடித்தவர்கள், தேசியத் தேர்வில் தேறி முழுப் பதிவு பெறும்வரை 'கிராஜுவேட்' சான்றிதழை வைத்து வேலை பார்க்கலாம். இந்த இடைக்காலம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

படிப்பு முடிந்துவிட்டது, தேர்வு இன்னும் எழுதவில்லை. இந்தச் சான்றிதழ் எவ்வளவு காலம் செல்லும்? (ஸ்காபரோ)

பதினெட்டு மாதம். ஒழுங்காற்று அமைப்பான சிஆர்டிஓவிடம் விண்ணப்பித்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகே வேலையில் சேரலாம். விண்ணப்பம் போட்டாயிற்று என்பது மட்டும் போதாது. பதினெட்டு மாதம் நிறைய என்று தோன்றும், ஆனால் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். இரவு ஷிப்ட் தொடங்கிவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே தெம்பு இருக்காது. படித்தது மனதில் இருக்கும்போதே, கிடைக்கிற முதல் தேதியில் எழுதிவிடுங்கள்.

சிறிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இரவில் சுவாச சிகிச்சையாளர் நான் ஒருத்திதான். சீனியர் வீட்டில் இருப்பார், போன் செய்தால் எடுப்பார். இது சரியா? (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

கிராஜுவேட் சான்றிதழ் உள்ளவர் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு செயலை, அதாவது அதிகாரம் பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்று சட்டம் சொல்லும் ஒன்றைச் செய்யும்போது, அதே செயலைச் செய்ய அதிகாரமுள்ள பதிவுபெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வை இருக்க வேண்டும். கூப்பிட்டால் பத்து நிமிடத்துக்குள் அவர் நேரில் வந்து நிற்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். போனில் ஆலோசனை சொல்வது இந்த விதிக்குள் வராது. உங்கள் சீனியர் வந்து சேர அரை மணி நேரமாகும் என்றால், அவர் உங்கள் மேற்பார்வையாளர் அல்ல.

அதற்காக வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் சுவாச சிகிச்சையாளராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அன்றிரவு அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்! "இன்றிரவு எனக்கு மேற்பார்வை யார்?" என்று மேலாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஷிப்ட் தொடங்கும்போது அந்த டாக்டரிடம் நேரில் போய், "நான் கிராஜுவேட், இன்று உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் சிஆர்டிஓவிடமே ஆலோசனை கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மருத்துவமனைதான் அப்படிப் போட்டது" என்ற சமாதானம் உங்கள் சான்றிதழைக் காப்பாற்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியால் தன்னைப் பார்க்க வந்தவருக்குத் துணை யார் என்று கேட்க முடியாது. அதை அவருக்காகக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? (பிராம்டன்)

தமனியிலிருந்து ரத்தம் எடுப்பது, இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது), சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), ஆக்சிஜன் கொடுப்பது எல்லாம் மேற்பார்வையோடு செய்யலாம், கைத்திறன் இருந்தால். மார்புக் குழாய் போடுவது, எலும்புக்குள் ஊசி செலுத்துவது போன்ற தோலுக்குக் கீழான உயர்நிலைச் செயல்கள் கூடாது. யார் பக்கத்தில் நின்றாலும் கூடாது. அப்புறம், கட்டுப்படுத்தப்பட்ட செயல் எதையும் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. குறிப்பேட்டில் ஜிஆர்டி (கிராஜுவேட் சுவாச சிகிச்சையாளர்) என்றே கையெழுத்திடுங்கள், ஆர்ஆர்டி (பதிவுபெற்ற சுவாச சிகிச்சையாளர்) அல்ல.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி முடித்தேன். கனடா வொர்க் பெர்மிட் கையில் இருக்கிறது. நேரடியாக வேலைக்குப் போகலாமா? (மார்க்கம்)

போக முடியாது. வொர்க் பெர்மிட் குடிவரவுத் துறை கொடுப்பது, தொழில் செய்யும் உரிமை சிஆர்டிஓ கொடுப்பது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு முதலில் தகுதி மதிப்பீடு உண்டு. ஆவணங்களைப் பார்ப்பார்கள், நேர்காணல் நடத்துவார்கள், பிறகு செய்முறைத் திறனைச் சோதிப்பார்கள். பாடத்திட்டமும் மருத்துவமனைப் பயிற்சி நேரமும் விரிவாக எழுதப்பட்ட சான்றுகளை உங்கள் கல்லூரியிலிருந்து இப்போதே கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து தாள் வந்து சேரத்தான் பலருக்குத் தாமதமாகிறது.

இன்னொன்று. உங்கள் வொர்க் பெர்மிட்டின் நிபந்தனைகளைப் படித்தீர்களா? குடிவரவு மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வாங்கிய பெர்மிட்டில், சுகாதாரத் துறையில் வேலை செய்யக்கூடாது என்ற வரி இருக்கலாம். இருந்தால், பரிசோதனை செய்துகொண்டு அந்த நிபந்தனையை நீக்க விண்ணப்பியுங்கள். பல்பொருள் அங்காடியில் வேலை பார்க்கும்வரை இந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை, மருத்துவமனை வேலை கிடைத்த பிறகுதான் தெரிய வருகிறது.

தங்கை கலிபோர்னியாவில் படிப்பை முடித்திருக்கிறாள். அங்கேயும் இப்படித்தானா? (மிசிசாகா)

அங்கே இன்னும் கடுமை. விண்ணப்பதாரராகப் பணிபுரியும் அனுமதி 90 நாள் கணக்கில்தான். மேற்பார்வையாளர் அதே நோயாளிப் பகுதியில் பணியில் இருக்க வேண்டும், பத்து நிமிடச் சலுகையெல்லாம் இல்லை. தேர்வில் தோற்றால் அந்த அனுமதியும் அதோடு முடிகிறது. 2015 முதல் புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களுக்கு ஆர்ஆர்டி தகுதி கட்டாயம். அதாவது பலவிடைத் தேர்வில் உயர் மதிப்பெண் வரம்பைத் தாண்டி, நோயாளி நிலைமைகளை வைத்து நடக்கும் சிமுலேஷன் தேர்விலும் தேற வேண்டும். தங்கை தேர்வுக்குத் தயாரான பிறகு வேலையில் சேர்ந்தால் போதும் என்பது என் கருத்து. 90 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அல்பேர்ட்டாவில் முழுப் பதிவு இருக்கிறது. ஒன்ராறியோவுக்குக் குடிபெயர்கிறோம். (கால்கரி)

உங்களுக்குக் கிராஜுவேட் சான்றிதழ் தேவையில்லை. 2023 முதல், வேறு மாகாணத்தில் பதிவுள்ள சுவாச சிகிச்சையாளர்கள், இங்கே பதிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் ஆறு மாதம் வரை ஒன்ராறியோ மருத்துவமனைகளிலும் முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை பார்க்கலாம். சிஆர்டிஓ விண்ணப்பத்தைத் தாமதிக்க வேண்டாம், அல்பேர்ட்டாப் பதிவையும் அதுவரை கைவிடாதீர்கள்.