சும்மா மூடிக்கிடக்கும் கண்

அன்புள்ள ஐயா,

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் குழந்தை. கருவிலேயே குழந்தையின் அறிவை வளர்க்கும் இணைய வகுப்பு ஒன்றில் நாத்தனார் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறார். தினமும் இரவில் வயிற்றின்மேல் டார்ச் அடிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் குழந்தை சீக்கிரம் கண் திறக்குமாம், பார்வை நரம்பு பலப்படுமாம். ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். “இப்ப இமை ரெண்டும் ஒட்டியிருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான்கு மாதம் கண் சும்மா மூடிக் கிடப்பது வீண்தானே? அந்த நேரத்தை நாம் ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது? டார்ச் அடிக்கலாமா, கூடாதா? கிரகணத்தன்று வெளியே வந்தால் குழந்தையின் கண்ணில் குறை வரும் என்கிறார் மாமியார். அது உண்மையா? பெரிய கண்ணாக அமைய என்ன சாப்பிடலாம்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

கிரகணம்: சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் உங்கள் கண்தான் கெடும், வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. பெரிய கண்: உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ யாருக்காவது இருந்தால் வரலாம். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், அது உங்களுக்கு. இந்த இரண்டும் முடிந்தன.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘சும்மா.’

இரண்டு மாதமாக நான் இமைகளைத் தவிர வேறெதையும் உருப்படியாக நினைக்கவில்லை. என் அண்ணன் மகளுக்கு 25ஆவது வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. எழுநூறு கிராமுக்குச் சற்று மேல். இன்குபேட்டருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கு இருந்தது, நகம் இருந்தது, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. இமைகள் இன்னும் பிரியவில்லை. பக்கத்தில் நின்ற உறவுக்கார அம்மாள் ஒருவர் நர்ஸிடம், “ஈரப் பஞ்சு வெச்சுத் தொடச்சா தொறக்காதா?” என்று கேட்டார். அந்த நர்ஸுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். “கை வைக்கக் கூடாதும்மா. அதுவா தொறக்கும்” என்றாள். எனக்கு முதுகில் யாரோ தட்டியது போலிருந்தது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தச் சும்மா. கரு உருவாகி ஆறாவது, ஏழாவது வாரம்வரை கண் திறந்துதான் இருக்கிறது, மூடுவதற்கு ஒன்றுமில்லாததால். மீன்கண் மாதிரி. பிறகு மேலேயும் கீழேயும் தோல் இரண்டு வரப்புகளாக மடிந்து எழும்புகிறது. வரப்பின் விளிம்பில் உள்ள மேல்தோல் செல்கள் திரண்டு, கருவிழியின்மேல் ஊர்ந்து முன்னேறுகின்றன. பத்தாவது வாரத்தை ஒட்டி மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவது மேல்தோல் மட்டும், உள்சதை சேர்வதே இல்லை. பிறகு உருவிவிடுவதற்கென்றே தையல்காரர் பெரிய பெரிய தையலாக நூல் ஓட்டிவைப்பாரே, அந்த மாதிரி ஓர் ஏற்பாடு.

அந்த மூடிய கதவுக்குள் நடப்பதைக் கேளுங்கள். இமைமயிரின் வேர்கள் அப்போதுதான் ஊன்றுகின்றன. விளிம்பை ஒட்டி மேலிமையில் முப்பது சொச்சம், கீழிமையில் இருபது சொச்சம் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக முளைக்கின்றன. மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். இந்த எண்ணெய்ப்படலம் இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரமே ஆவியாகிக் கண் எரியும். கண்ணை மூடும் வட்டத்தசை, கருவின் கழுத்துப் பக்கத்து வளைவு ஒன்றிலிருந்து புறப்பட்டு வந்து இங்கே குடியேறுகிறது. சிரிக்கவும் உதட்டைக் குவிக்கவும் உதவும் தசைகள் அதே ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் நரம்பு ஒன்றுதான். முகவாதம் வந்தவருக்கு வாய் கோணும்போது அந்தப் பக்கத்துக் கண் மூட மறுப்பது அதனால்தான். திறக்கும் தசையோ வேறு வம்சம், விழியை உருட்டும் தசைகளின் பங்காளி. இவ்வளவும் கூடிய பிறகு, 26ஆவது வாரவாக்கில், ஒட்டிய கோட்டிலுள்ள செல்கள் காய்ந்து கெட்டிப்பட்டு உதிரத் தயாராகின்றன. புதுச் சுரப்பிகளின் எண்ணெயும் கசிந்து உதவுகிறது. இமை பிரிகிறது. ரத்தம் இல்லை, தழும்பு இல்லை.

இதைத்தான் நீங்கள் சும்மா என்கிறீர்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். மன்னார்குடிப் பக்கம் அப்பாயி வீடு. நெல் குதிருக்குப் பின்னால் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. அதே வாரம் கொல்லையில் பசு கன்று ஈன்றது. கன்று விழுந்த கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டியது. பூனைக்குட்டிகளோ ஐந்து நாளாகியும் முனகிக்கொண்டே தரையை முட்டிக்கொண்டிருந்தன. நாலும் குருடு என்று முடிவு கட்டினேன். தாய்ப்பூனை வெளியே போன நேரம் பார்த்து, வெந்நீரில் நனைத்த துணியோடு போய், வெள்ளைக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இடக்கண்ணைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கட்டைவிரலால் பிரித்தேன். பிரிந்தது. உள்ளே நீலமாக, கலங்கலாக ஏதோ தெரிந்தது. நான் வைத்தியம் பார்த்துவிட்டேன் என்று ஓடிப்போய் அப்பாயியிடம் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். “வேவறதுக்குள்ள சட்டியத் தொறந்துட்டியேடா” என்றாள்.

மற்ற மூன்றும் பத்தாம் நாள் வாக்கில் தாமாகவே கண் திறந்தன. வெள்ளைக்குட்டியின் இடக்கண்ணில் சீழ் கட்டி, பூ விழுந்தது. குட்டி போட்ட பூனை என்பார்களே, அப்படித் தாய்ப்பூனை மற்ற மூன்றையும் கவ்விக்கொண்டு பரணுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அலைந்தது. இதை மட்டும் அப்பாயி அடுப்படியில் வைத்து வளர்த்தாள். ஒன்பது வருடம் இருந்தது. எப்போதும் தலையை இடப்பக்கம் திருப்பித்தான் என்னைப் பார்க்கும்.

கன்றுக்கும் குட்டிக்கும் என்ன வேறுபாடு என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இமை மூடுவது இரண்டுக்கும் உண்டு. பசு அந்தக் கட்டத்தை வயிற்றுக்குள்ளேயே முடித்துவிட்டு வருகிறது. பூனை, நாய், எலி எல்லாம் பாதி வேலையில் பிறந்து, மீதியை வெளியே முடிக்கின்றன. குழிமுயல் கண் மூடிப் பிறக்கும், அதன் உறவான காட்டு முயல் கண் திறந்து பிறக்கும். மனிதக் குழந்தை பசுவின் கட்சி.

அவசரத்தில் நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், நரம்பு வளர்ச்சியை ஆராயப் போனவர், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றினார். இரண்டு வாரம் ஆகவேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. கவனிக்காமல் விட்டிருக்கலாம், விடவில்லை. 1962இல் அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்துச் சொன்னார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று இன்று பெயர். 1986இல் சக ஆய்வாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசு. வேடிக்கை பின்னால்தான். அந்தப் புரதத்தின் பங்காளிப் புரதம் ஒன்று இல்லாத எலிகளை 1993இல் உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றில் பல, கண் திறந்தபடியே பிறந்தன. இமை விளிம்பு ஊர்ந்து போய்ச் சேரவேயில்லை. முன்கூட்டியே கண் திறந்த பாக்கியசாலிகள் என்று உங்கள் வகுப்புக்காரர்கள் சொல்லக்கூடும். அவற்றின் கருவிழிகள் புண்ணாகித் தழும்பேறின. என் வெள்ளைக்குட்டி மாதிரியே.

“இமை சரி, அதற்கடியில் கண் வெறுமனேதானே இருக்கிறது” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதீர்கள். ஒளி என்பதே தெரியாத நாட்களில், பாலூட்டிகளின் விழித்திரைச் செல்கள் தாமாகவே பக்கத்துச் செல்லைத் தூண்டி, அலை அலையாகத் துடித்து, மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கீரி போலிருக்கும் ஃபெரட் என்ற பிராணியின் விழித்திரையில் 1991இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கண்ணுக்கும் மூளைக்கும் கம்பி இழுத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை அது. நாடகம் தொடங்குமுன் திரைக்குப் பின்னால் மத்தளம் தட்டிப் பார்ப்பதைக் கேட்டு, சும்மா சத்தம் போடுகிறான் என்பவரை என்ன செய்வது?

திறக்கவேண்டிய நாளில் திறந்தே ஆகவேண்டும் என்பதும் உண்மை. மூளையில் பார்வை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த ஹியூபலும் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில வாரங்களுக்குத் தைத்து வைத்தார்கள். தையல் பிரித்தபோது கண்ணில் குறை இல்லை. மூளைதான் அந்தக் கண்ணோடு பேச மறுத்தது. (அவர்கள் மூடினார்கள், நான் திறந்தேன். அவர்களுக்கு 1981இல் நோபல் கிடைத்தது.) ஆகவே பிறந்த பிள்ளையின் ஓர் இமை கருவிழியை மறைத்துத் தொங்கினால், “வளர வளரச் சரியாயிடும்” என்று எந்தக் கிழவி சொன்னாலும், கிழவன் நானே சொன்னாலும், கண் மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்தால் முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை, மிகச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்பே. விழித்திரை ரத்தக்குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேர ஏறக்குறைய பத்து மாதமும் ஆகும். முன்பே பிறந்தால் அவை தாறுமாறாக வளரக்கூடும். ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தே ஏராளமான குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறித்தார்கள். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர்தான் அந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னார். நல்லெண்ணம் அவ்வளவு லேசான சரக்கில்லை.

டார்ச். உங்கள் கேள்வி அதுதான் இல்லையா? இப்போது அடித்தால் ஒட்டிய இமைமேல் அடிக்கிறீர்கள். கடைசி மாதங்களில் அடித்தால் மங்கலாக, சிவப்பாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகும், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அறிவு வளர்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வகுப்புக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். நாத்தனாரிடம் சண்டை வேண்டாம், ஆசையில் செய்திருப்பார்.

அண்ணன் பேரனுக்குப் பிறந்த ஒன்பதாம் நாள் வலக்கண்ணும் மறுநாள் இடக்கண்ணும் திறந்தன. விழித்திரைப் பரிசோதனை இரண்டு முறை ஆகிவிட்டது, இதுவரை பயமில்லை. நான் போய்ப் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பச் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்ததும் எழுதுங்கள். மை வைக்காதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தால், மூக்குக்குள் போகும் கண்ணீர்க்குழாயின் கடைக்கோடி இன்னும் திறக்காமல் இருக்கலாம். மூக்கோரத்தில் எப்படி அழுத்தித் தடவுவது என்று மருத்துவர் காட்டுவார், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துவிடும். அப்புறம், வீறிட்டு அழுகிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று பதறி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். முதல் சில வாரங்கள் வராது.