டியூப்லைட்டைச் சுற்றும் ‘நைரோபி ஈ’ ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா?

கேள்வி: மன்னார்குடி பக்கம், வயலை ஒட்டி எங்கள் வீடு. குறுவை அறுப்பு முடிந்ததிலிருந்து ராத்திரியானால் சிவப்பும் கறுப்புமாக, எறும்பு மாதிரி ஒரு பூச்சி டியூப்லைட்டுக்கு வருகிறது. பையன் கழுத்தில் கோடு இழுத்ததுபோல் கொப்புளம். மருந்தடிக்கும் ஏஜென்ட் ‘இது ஆப்பிரிக்க நைரோபி ஈ, வீடு முழுக்க மூன்று தடவை அடிக்க வேண்டும்’ என்று அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தலை கறுப்பு, கழுத்துப்பட்டை ஆரஞ்சு, அதற்குப் பின்னால் நீலப்பச்சையாக மினுங்கும் குட்டையான மூடி, மறுபடி ஆரஞ்சு, வால்நுனி கறுப்பு. இது ஈயே இல்லை, வண்டு. ரோவ் வண்டுக் குடும்பத்தில் பேடரஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்கள் சேர்ந்த கூட்டம். அந்தக் குட்டை மூடிக்கு அடியில்தான் பறக்கும் இறக்கை மடிந்து கிடக்கிறது.

நம் நெல் வயல்களில் சாதாரணமாகக் கிடைப்பது பேடரஸ் ஃபியூசிபெஸ். 1826இல் ஜான் கர்டிஸ் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயர் வைத்தார். பிரிட்டனில் தொடங்கி மத்திய ஆசியா, இந்தியா வழியாக ஜப்பான் வரைக்கும், தெற்கே ஆஸ்திரேலியா வரைக்கும் பரவியிருக்கிற வண்டு இது. ஈரமண்ணும் இரையும் இருந்தால் அதற்குப் போதும். புகையான், தத்துப்பூச்சி எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும். உங்கள் வயலில் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஆள். அறுப்பு முடிந்து வயல் காலியானதும் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

நைரோபி ஈ என்பது கென்யாவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பேடரஸ் சபேயஸ், பேடரஸ் எக்ஸிமியஸ் என்ற வேறு இனங்கள். 1998இல் எல் நினோ மழைக்குப் பிறகு அங்கே பெருகி ஊரையே படுத்தி எடுத்தன. 2022 ஜூலையில் சிக்கிமில் கல்லூரி மாணவர்களுக்குக் கொப்புளம் வந்தபோது நம் ஊடகங்கள் அந்தப் பெயரை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டன. ஏஜென்டுகளுக்குக் கொண்டாட்டம். உள்ளூர் வண்டு என்றால் யார் காசு கொடுப்பார்கள்? வெளிநாட்டுப் பூச்சி என்றால் பயம் வரும், பயம் வந்தால் பர்ஸ் திறக்கும். செல்போன் செயலியில் காட்டி ‘பாருங்கள், ஆப்பிரிக்காவென்றே வருகிறது’ என்பார்கள். பேடரஸில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பலவற்றுக்கும் இதே சிவப்பு கறுப்புச் சட்டைதான். படத்தை வைத்துப் பேரினம் சொல்லலாம். இனத்தைச் சொல்ல ஆண் வண்டைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

மருந்தடித்தும் பிரயோஜனமில்லை. இன்றைக்குச் செத்தால் நாளைக்கு வயலிலிருந்து வேறு வரும். செத்த வண்டிலும் விஷம் அப்படியே இருக்கும், பெருக்கும்போது கையில் பட்டாலும் கொப்புளம்தான். வாசல் விளக்கை அணையுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை வைத்தும் ஏமாற்றுகிறார்கள். மலைப்பகுதிகளில் இறக்கை குறுகிப்போன பேடரஸ் இனங்கள் உண்டு. அவற்றின் மூடி கழுத்துப்பட்டையைவிடக் கட்டையாக, தோள் ஒடுங்கி இருக்கும். பறக்காது, அதனால் விளக்குக்கு வராது. ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு என்று அதற்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். எஸ்டேட் வீட்டுக்காரரிடம் போய் ‘விளக்குப் பொறி வையுங்கள்’ என்று விற்கிறார்கள். தரையில் ஊர்கிற வண்டுக்கு விளக்கு எதற்கு? உங்களுடையது பறந்து வருகிறது, மூடியும் நீளமாக இருக்கிறது. ஆகவே அந்தக் கூட்டம் இல்லை.

பையன் கழுத்துக்கு வருவோம். வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுக்கினால்தான் பேடரின் என்ற விஷம் தோலில் படும். வண்டின் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அதை உண்டாக்குகிறது. பட்ட உடனே தெரியாது, மறுநாள்தான் எரியும். அதனால் அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போகிறார்கள். தூக்கத்தில் தேய்த்த கைபோன வழியெல்லாம் கோடாக இருந்தால் வண்டைச் சந்தேகப்படுங்கள். மேலே வந்து உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண் பக்கம் பட்டிருந்தால் டாக்டரிடம் போங்கள்.

இனம் உறுதியாகத் தெரியாமல் மனசு ஆறாது என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்திய ரோவ் வண்டுகளுக்குப் பெயர் சொல்ல, பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் மால்கம் கேமரன் 1930களில் எழுதி முடித்த தொகுதிகளைத்தான் இன்னும் புரட்டுகிறோம். ‘பேடரஸ் தமுலஸ்’ என்று நம் பெயரைச் சுமக்கும் ஓர் இனமே உண்டு, 1840இல் எரிக்சன் என்ற ஜெர்மானியர் வைத்தது. உயிர்களை இனம்பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் தெரிந்தவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியை நிரப்ப எந்த அலுவலகத்துக்கும் அவசரமில்லை. ஃபைல் மட்டும் நகர்கிறது.

சரி, இனம் பார்த்துச் சொல்ல அனுப்புவதானால் படம் வேண்டாம். நாலைந்து வண்டுகளைக் காகிதத்தால் தள்ளி, சின்னக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போடுங்கள். ஊர், தேதி, எங்கே பிடித்தது, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.